நோவாவும் கடைசி வண்டியும்

ஸ்ரீவில்லிபுத்தூர்
27-2-1992

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினிக்கு வாந்தி நின்றதா? அதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி. நான் நன்றாக இருக்கிறேன்.

இதை நூலகத்தில் என் வேலைக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலையும் நூலக முகவரிக்கே போடுங்கள். ராஜபாளையம் அரை மணி நேரப் பயணம்தான். ஆனால் நீங்கள் சொந்தத்தை விட்டு அசலில் பெண் கட்டிய நாளிலிருந்து, உங்கள் பேர் போட்ட கவரைக்கூட அப்பா வீட்டுக்குள் விடுவதில்லை.

மதுரை வானியல் மன்றத்து யதிராஜன் சார் தபால் அட்டை போட்டிருக்கிறார். அன்ன மண்டலத்தில் ஒரு நோவா வெடித்திருக்கிறது. எரிந்து ஓய்ந்த நட்சத்திரம் ஒன்று, பக்கத்து நட்சத்திரத்திலிருந்து வாயுவை இழுத்து இழுத்துத் தன்மேல் சேர்த்துக்கொள்கிறது. ஒரு நாள் அந்தப் போர்வை முழுக்க வெடித்துப் பளிச்சிடுகிறது. பிறகு வாரக்கணக்கில் மங்கிக்கொண்டே போகிறது. அது எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதைத்தான் எல்லா ஊர்களிலிருந்தும் பார்த்து எழுதுகிறார்கள். விடியுமுன் வடகிழக்கில், தெனப் என்ற வெள்ளை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தெரியும். முதல் வண்டி எடுக்குமுன் நீங்கள் டீ குடிக்கும் நேரம்.

அச்சிட்ட நட்சத்திரப் படம் ஒன்றுதான் வந்தது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் கண்ணாடியில் உள்ள தூசியெல்லாம் நட்சத்திரமாக விழுகிறது. அதனால் எனக்கு எண்ணெய்த்தாளில் வரைந்துகொண்டு, அச்சுப் படத்தை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். நட்சத்திரங்களின் பக்கத்தில் ஒளி எண் இருக்கும். 48 என்றால் 4.8. நடுவில் புள்ளி வைத்தால் அதையும் நட்சத்திரம் என்று எண்ணிவிடுவோமாம். எண் கூடக்கூட ஒளி குறைவு. நோவா எந்த இரண்டு நட்சத்திரங்களுக்கு இடைப்பட்ட ஒளியில் இருக்கிறது என்று பார்த்து எண் போட வேண்டும்.

ஒரே ஒரு விதி. நம் எண்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது. தனித்தனியாக மதுரைக்கு அனுப்ப வேண்டும். அடுத்தவர் எண் தெரிந்துவிட்டால் கண் அதையே பார்க்கும் என்கிறார் யதிராஜன் சார்.

ஹாலி வால் நட்சத்திரம் வந்த வருடம் மாடியில் அதை முதலில் கண்டது நீங்கள்தான். இந்த முறை நான் முந்திவிட்டேன்.

மதினியைத் தண்ணீர்க் குடம் தூக்கவிடாதீர்கள்.

உங்கள் தங்கை,
செல்லக்கனி


ராஜபாளையம்
5-3-1992

தங்கச்சி செல்லக்கனிக்கு,

உன் மதினிக்கு வாந்தி நின்றுவிட்டது. இப்போது மாங்காய் கேட்கிறாள். பங்குனி பிறக்குமுன் மாங்காய்க்கு நான் எங்கே போக? எனக்கு ஒரு குறையும் இல்லை.

பஸ் ஷெட்டுக்குப் பின்னால் காலி இடத்தில் நின்று பார்த்தேன். குற்றாலத்தில் சீசன் கடையில் வாங்கினேனே, அந்த பைனாகுலர்தான். கண்டக்டர் வேல்சாமி வந்து, “அண்ணே, காலங்காத்தால எந்த வீட்டுப் பக்கம் பாக்கீக? ஊரு கூடி மிதிச்சா நான் வெலக்க வரமாட்டேன்” என்றான். வானத்தைக் காட்டி விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அந்தா இருக்கே, தெனப்புக்கு மேல. இதுக்கு எதுக்குக் கண்ணாடி?” என்று போய்விட்டான். பயல் கண்ணுக்கு வெறுமனே தெரிகிறது.

எண்ணை மதுரைக்கு எழுதிவிட்டேன். உன்னிடம் சொல்லமாட்டேன். விதி.

ஷெட்டில் கம்பத்து விளக்கு எரியாமல் கிடக்கிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது வேல்சாமி இறங்கி டார்ச் அடிக்கிறான். நல்ல பயல்.

அப்பாவுக்கு வலிக்கு விளக்கெண்ணெயைச் சுட வைத்துத் தேய்த்துவிடு. நான் சொன்னதாகச் சொல்லாதே.

அண்ணன்,
சுந்தரபாண்டியன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22-3-1992

அன்புள்ள அண்ணனுக்கு,

எண்ணெய் தேய்த்துவிட்டேன். வலி கொஞ்சம் குறைவு. யார் சொன்னது என்று அப்பா கேட்கவில்லை. மதினிக்கு மாங்காய் கிடைத்ததா?

நோவா மங்கத் தொடங்கிவிட்டது. வெறும் கண்ணுக்கு இப்போது தெரியவில்லை. அப்பாவின் பட்டாளத்து பைனாகுலரில் தெரிகிறது. இந்த வாரம் நிலா வெளிச்சம் வேறு. நேற்று விடியுமுன் மாடிக்குப் போனபோது அப்பா விழித்துக்கொண்டார். “ஏட்டி, ராவும் பகலும் வானத்தையே பாக்கியே, மாப்பிள்ளை என்ன அங்கருந்தா எறங்கி வாரான்?” என்றார். “வந்தா மொதல்ல நாந்தானப்பா பாப்பேன்” என்றேன். திட்டாமல் திரும்பிப் படுத்துவிட்டார். மாடிப்படிக்கு இன்னமும் கைப்பிடி போடவில்லை. சுவரைத் தடவித்தான் ஏறுகிறேன். ஹாலி பார்க்க ஏறியபோது அதே படிகளை நீங்கள் இரண்டிரண்டாகத் தாண்டினீர்கள்.

உங்களிடமிருந்து இரண்டே எண்கள்தான் வந்தன என்று மதுரையிலிருந்து எழுதியிருக்கிறார்கள். பார்த்தும் தெரியாமல் போனால் அந்த நாளை விட்டுவிடாதீர்கள். ‘தெரியவில்லை’ என்று எழுதி, அன்று கண்ணுக்கு எட்டிய மிக மங்கலான நட்சத்திரம் எது என்றும் சேர்த்து எழுத வேண்டும். அதுவும் ஒரு பதிவுதான். தெரியாததைத் தெரிந்ததாக எழுதினால்தான் தப்பு.

நேற்று சின்னக்கருப்பன் மாமா மடவார் வளாகம் கோயிலுக்கு வந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, பொழுது சாயுமுன் போக வேண்டும் என்று எழுந்துவிட்டார். மாலைக்கண் முன்பைவிட அதிகமாகிவிட்டது. அம்மா இருந்திருந்தால் தம்பியை அப்படி அனுப்பியிருக்க மாட்டாள்.

வெயில் ஏறிவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

செல்லக்கனி


ராஜபாளையம்
3-4-1992

தங்கச்சிக்கு,

மாங்காய் கிடைத்தது. வத்திராயிருப்பு ட்ரிப்பில் ஒரு பாட்டி கொடுத்தது. உன் மதினி உப்பு மிளகாய் வைத்து ஒரே மூச்சில் தின்றுவிட்டாள். அப்பாவுக்கு வலி குறைந்ததில் சந்தோஷம்.

இரண்டே எண்கள் அனுப்பியதற்குக் காரணம் உண்டு. மில் விளக்குகள் விடிய விடிய எரிகின்றன, வானமே வெளுத்துக் கிடக்கிறது. ஒரு நாள் பனி. ஒரு நாள் பஞ்சர். குற்றாலக் கண்ணாடி எவ்வளவுக்கு நல்லதாக இருக்கும்?

ஒன்று கேட்கிறேன். உன் எண்களை எனக்கு எழுதிவிடு. நான் பார்க்கிற நட்சத்திரம் சரிதானா என்று ஒரு தடவை ஒத்துப்பார்த்துக்கொள்கிறேன். பழகியபிறகு உன் விதிப்படியே நடக்கிறேன்.

புழுக்கமாக இருக்கிறது என்று மாடியில் பாயில்லாமல் படுக்காதே.

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9-4-1992

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினி மாங்காய் தின்ற கதையைப் படித்து நூலகத்தில் தனியாகச் சிரித்தேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பா கடைத்தெருவரை நடக்கிறார்.

விதியை மீறுகிறேன், உங்களுக்காக. மார்ச் கடைசி வாரம் 64. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து 66. இப்போது சொல்லப்போவதுதான் செய்தி. ஒரு வாரமாக அந்த 66 அப்படியே நிற்கிறது. படத்தில் 66 என்று போட்ட நட்சத்திரமும் நோவாவும் ஒரே ஒளி. எனக்குத் துளியும் சந்தேகமில்லை. மங்கிக்கொண்டே வந்தது நின்றுவிட்டது, அண்ணே.

சில நோவாக்கள் இப்படிப் பாதி வழியில் நிற்பது உண்டு என்று படித்திருக்கிறேன். ஆனால் நான் ஒருத்தி சொன்னால் யார் நம்புவார்கள்? வேறு ஊரில், வேறு படத்தை வைத்துக்கொண்டு நீங்களும் அதையே கண்டிருந்தால் அது சாட்சி. தெளிவான விடியலில் ஒரே ஒரு தடவை பாருங்கள். உங்கள் பதில் வரும்வரை மதுரைக்கு எழுதமாட்டேன்.

மதினி பகலில் கொஞ்சம் படுக்கட்டும்.

செல்லக்கனி


ராஜபாளையம்
15-4-1992

தங்கச்சிக்கு,

வருடப் பிறப்புக்கு உன் மதினி வேப்பம்பூப் பச்சடி வைத்தாள். உனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு நானே சாப்பிட்டேன். நாங்கள் சுகம்.

பார்த்தேன். நீ சொன்னது சரி. எனக்கும் 66தான். மூன்று விடியல் பார்த்தேன், மூன்றும் 66. மதுரைக்கும் எழுதிவிட்டேன். நீயும் தைரியமாக எழுது.

அடுத்த வாரத்திலிருந்து எனக்குக் கடைசி வண்டி. ராத்திரி வத்திராயிருப்பு போய்த் திரும்புவது. பிள்ளை வரப்போகிற நேரம், முதலாளி கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வேல்சாமியும் கூட வருகிறான். அவனை நானே கேட்டு வாங்கினேன்.

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
2-5-1992

அண்ணனுக்கு,

இங்கே சுகம்.

மதுரையிலிருந்து அட்டை வந்தது. ஏப்ரலில் நோவா நிற்கவில்லை. எல்லா ஊர்களிலும் 72 வரை இறங்கியிருக்கிறது. நம் இருவர் எண்கள் மட்டும் 66இல் நிற்கின்றன, இரண்டும் ஒன்றுபோல. படத்தைச் சரிபார்க்கச் சொல்கிறார் யதிராஜன் சார்.

சரிபார்த்தேன். தப்பு என்னுடையது. வரையும்போது எண்ணெய்த்தாள் நகர்ந்திருக்கிறது. 66 என்ற எண்ணைப் பக்கத்திலுள்ள மங்கலான நட்சத்திரத்துக்குப் போட்டுவிட்டேன். உண்மையில் அது 72.

உங்களிடம் இருப்பது அச்சுப் படம். அதில் 66 எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

செல்லக்கனி


ராஜபாளையம்
11-5-1992

தங்கச்சிக்கு,

நலம். படத்தைக் காணோம். வண்டியில் வைத்திருந்தேன், கோடை மழையில் நனைந்து கிழிந்துவிட்டது போல. போனது போகட்டும், இதற்காகவா விசாரணை? உன் மதினிக்குக் கால் வீங்குகிறது. டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
1-6-1992

அண்ணே,

மதினியின் கால் வீக்கம் வடிந்ததா? எனக்குச் சுகமில்லை. ஏன் என்று சொல்கிறேன். சின்ன வயதில் பேசிய மாதிரியே எழுதப்போகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்பில் பெத்தம்மாள் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்புவதற்கு ராத்திரி உன் வண்டிக்காகக் காத்து நின்றேன். நீ டீக்கடையிலிருந்து வந்தாய். நான் உன் வழியிலேயே நின்று சிரித்தேன். என் சேலை உன் கையில் பட்டது. “ஒதுங்கி நில்லும்மா” என்றாய். நான் ஒதுங்கினேன். நீ வண்டித் தகரத்தைத் தடவிக்கொண்டே போய்க் கதவைக் கண்டுபிடித்தாய்.

உனக்குப் பின்னாலுள்ள சீட்டில் உட்கார்ந்தேன். வேல்சாமி டிக்கெட் போட்டு முடித்ததும் என்ஜின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். “லாரி வருது, ஒதுங்கிக்கோ.” “இடப் பக்கம் சைக்கிள்.” “வளைவுண்ணே, வளைவு.” மாம்பழக் கூடைக்காரி ஒருத்தி, “ஏலே கண்டக்டர், நீயே ஓட்டிரலாமே, எதுக்கு ரெண்டு ஆளு?” என்றாள். வண்டியே சிரித்தது. நீயும் சிரித்தாய். கிருஷ்ணன்கோவில் விலக்கில் ரோட்டோரம் ஒரு கிழவர் கைத்தடியோடு நின்றார். நான் எப்போதோ பார்த்துவிட்டேன். வேல்சாமி கத்திய பிறகுதான் உன் கால் பிரேக்குக்குப் போனது.

உன் படம் நனையவில்லை என்று எனக்குத் தெரியும். அதில் 66 சரியான நட்சத்திரத்தின் பக்கத்தில்தான் இருக்கிறது. நீ வானத்தைப் பார்த்திருந்தால் நோவா அதைவிட நன்றாகவே மங்கலாகத் தெரிந்திருக்கும். என் தப்பை நீ செய்திருக்கவே முடியாது. என் கடிதத்திலிருந்து எடுத்து எழுதினாய். நாம் இரண்டு பேரும் தனித்தனியாகக் கண்டோம் என்று நான் மதுரைக்கு எழுதினேன். இரண்டு பேருடைய எண்களையும் நீக்கிவிடச் சொல்லி நேற்று ராத்திரியே எழுதிவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

நான் எழுதிய எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாய், மாங்காய்க்குக்கூட. சின்னக்கருப்பன் மாமாவின் கண்ணைப் பற்றி எழுதியதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. உனக்கு எப்போதிருந்து?

மூன்று மாதமாக நோவா மங்குவதை அளந்துகொண்டிருந்தேன். நீ எழுதாமல் விட்ட நாட்களை ஒருமுறைகூடச் சேர்த்துப் பார்க்கவில்லை.

முதலாளியிடம் சொல். சொல்லும்வரை நான் தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் கடைசி வண்டியில் ஏறி வத்திராயிருப்பு போய் அதே வண்டியில் திரும்புவேன். உனக்குப் பின்னாலுள்ள அதே சீட்டில். அப்பா கேட்டால் அண்ணன் வண்டியில் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். அந்த வண்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு ஓட்டு.

செல்லக்கனி


ராஜபாளையம்
25-6-1992

தங்கச்சிக்கு,

உன் மதினி நலம். நேற்று பிள்ளை உதைத்ததை நானும் தொட்டுப் பார்த்தேன்.

நீ சொன்னபடியே தினமும் ஏறினாய். வேல்சாமி வேண்டாம் என்று சொல்லியும் டிக்கெட் எடுத்தாய். “அண்ணே, பாப்பா ஏறிருச்சு” என்று அவன் என் காதில் சொல்லும்போதெல்லாம் ஸ்டியரிங் வழுக்கியது. வியர்வை. அப்படியும் ஓட்டினேன். எனக்குப் பிடிவாதம் அதிகமா உனக்கா என்று பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நீயும் இருந்தாய், ஆனால் என் பக்கத்தை எழுதுகிறேன். வேல்சாமி “வண்டி, வண்டி” என்று அலறினான். பிரேக்கை மிதித்தேன். எதிரில் எனக்கு ஒன்றும் இல்லை, வெறும் இருட்டு. இறங்கிப் போய்க் கையை நீட்டினேன். வைக்கோல். லாந்தர் இல்லாத மாட்டுவண்டி. அதில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் ஏறி உட்கார முடியவில்லை. “வேற டிரைவர் வருவாரு, செத்த நேரம் பொறுங்க” என்று ஆட்களிடம் சொன்னேன். கூடைக்காரி, “உனக்கு என்னய்யா செய்யுது?” என்று கேட்டாள். “கண்ணு தெரியலத்தா” என்றேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. உன் மதினியிடம்கூட அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

காலையில் முதலாளியிடம் போனேன். “எம்புட்டு நாளா இப்படி ஓட்டுத?” என்றார். போன வருடத்திலிருந்து என்றேன். “சாவியை வச்சிட்டுப் போ” என்றார். மறுநாள் ஆள் அனுப்பினார். இப்போது பழைய பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர், பகலில் மட்டும். சம்பளம் குறைவு. வேல்சாமியைத் திட்டித் தீர்த்துவிட்டு வேலையில் வைத்துக்கொண்டார்.

மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். இருட்டு அறையில் சின்னச் சின்ன விளக்குகளைக் காட்டி, எது தெரிகிறது என்று கேட்டார்கள். உன் நட்சத்திரப் படம் மாதிரிதான். தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லவில்லை. விழித்திரை ஓரத்திலிருந்து காய்ந்து வருகிறதாம். மருந்து இல்லை. பகல் பார்வை பல வருடம் இருக்கும், பார்க்கும் வட்டம் மட்டும் சுருங்கும் என்றார்கள். “அப்பா அம்மா சொந்தமா?” என்று டாக்டர் கேட்டார். அம்மா அப்பாவுக்கு அக்கா மகள் என்றேன். “உங்க சம்சாரம்?” அசல் என்றேன். அப்படியானால் பிள்ளைக்கு இது வருவது அபூர்வம் என்றார். எதற்காக அப்பா என்னை வீட்டுக்குள் விடவில்லையோ, அதையே அந்த டாக்டர் நல்லது என்று சொன்னார்.

66 பற்றி. உன் கடிதத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. எனக்குத் தெரியவில்லை என்று எழுதக் கை வரவில்லை.

படம் பத்திரமாக இருக்கிறது.

அண்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14-7-1992

அன்புள்ள அண்ணனுக்கு,

பிள்ளை இப்போதும் உதைக்கிறதா? நீங்கள் பகலில் வேலைக்குப் போய்ப் பொழுது சாயுமுன் வீட்டுக்கு வருகிறீர்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருகிறது. அந்த வெள்ளிக்கிழமை நான் இறங்கி உங்கள் பக்கத்தில் வந்து நின்றேன். நீங்கள் பார்க்கவில்லை. இந்த முறை நான் கோபப்படவில்லை.

நோவாவை விட்டுவிடவில்லை. புதுப் படம் வரவழைத்து, வரைந்த பிறகு இரண்டு தடவை ஒத்துப்பார்த்தேன். இப்போது அது முன்னிரவிலேயே வடகிழக்கில் ஏறிவிடுகிறது. மலைக்காற்றில் மேகம் விலகும் நாட்களில் கிடைக்கிறது. 85 வரை இறங்கிவிட்டது. ஏப்ரல் எண்களைப் பற்றிய உண்மை தெரிந்த பிறகும் யதிராஜன் சார் என் தாள்களை வாங்கிக்கொள்கிறார். அது போதும்.

உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். படத்தில் எண் போட்ட நட்சத்திரங்கள் மாறாதவை. அதனால்தான் அவற்றை வைத்து மாறுவதை அளக்கிறோம். தெளிவான இரவுகளில் தெனப்பில் தொடங்கி உங்கள் கண்ணுக்கு எதுவரை எட்டுகிறது என்று எழுதுங்கள். மாதம் ஒரு தடவை போதும். அந்த எண் இறங்கலாம், சில மாதம் அப்படியே நிற்கலாம். என்னவானாலும் நமக்குத் தெரிந்திருக்கும். கண் மங்குவதை ஆஸ்பத்திரியில் மட்டும் வருடத்துக்கு ஒரு முறை தெரிந்துகொள்வானேன்?

அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். நான் கடைசி வண்டியில் போன நாட்களில் எங்கே என்று கேட்டார். சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, “அவன் இப்ப எந்த வண்டி ஓட்டுதான்?” என்றார். ஓட்டவில்லை என்றேன். காரணத்தைச் சொன்னேன். டாக்டர் மதினியைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். “சின்னக்கருப்பனுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சது” என்றார். கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

போன வாரம் நான் நூலகத்திலிருந்து வந்தபோது வாசலில் வெல்டிங் வண்டி நின்றது. மாடிப்படிக்கு இரும்புக் கைப்பிடி போட்டிருக்கிறார், கீழ்ப்படியிலிருந்து மேல்படிவரை. “எதுக்குப்பா இப்ப?” என்றேன். “எனக்கு முழங்கால் வலிக்குதுல்ல” என்றார். அப்பா மாடிக்கு ஏறி இரண்டு வருடம் ஆகிறது. கம்பிக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். கறுப்புதானே அடிப்பார்கள் என்று வெல்டிங்காரர் சொல்லியிருக்கிறார். “ராத்திரி கறுப்பு எவன் கண்ணுக்குத் தெரியும்? வெள்ளையை அடி” என்று அதட்டினாராம்.

ஆடிப்பூரத்துக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

செல்லக்கனி


ராஜபாளையம்
22-7-1992

தங்கச்சிக்கு,

நானும் உன் மதினியும் சுகம். அவள் நடக்க மூச்சு வாங்குகிறாள். ஆனாலும் வர வேண்டும் என்கிறாள்.

நேற்று ராத்திரி மேகம் இல்லை. வேல்சாமி கையைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போய் வெகு நேரம் நின்றேன். பதிவு இது.

நோவா: தெரியவில்லை. 66: தெரியவில்லை. 48: தெரியவில்லை. தெனப்: தெரிந்தது.

மதுரைக்கும் இதையே எழுதிவிட்டேன்.

ஆடிப்பூரத்தன்று சாயங்கால வண்டியில் வருகிறோம். இறங்கும்போது இருட்டிவிடும். கைப்பிடி எந்தப் பக்கம் என்று எழுது.

அண்ணன்,
சுந்தரபாண்டியன்